பதினான்கு பாட்டும் பன்னிரண்டு பாட்டும்

1965-ஆம் வருஷம் அக்டோபரில் லண்டன் ஆபே ரோடிலுள்ள இ.எம்.ஐ. ஸ்டூடியோவுக்குள் புகுந்த பீட்டில்ஸ் நால்வரும், ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் 'ரப்பர் ஸோல்' என்ற இசைத்தட்டைச் செய்து முடித்தார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் அது வெளிவந்தபோது அதில் 14 பாட்டுக்கள் இருந்தன. மூன்று நாள் கழித்து, அதே பெயரோடும், நால்வர் முகமும் சற்றே நீண்டு தெரிகிற அதே அட்டைப்படத்தோடும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த தட்டிலோ 12 பாட்டுக்களே இருந்தன. அவற்றிலும் இரண்டு, இங்கிலாந்தில் முந்திய 'ஹெல்ப்!' தட்டிலேயே வந்து ரஸிகர்களுக்குப் பழகிப்போனவை. முதற்பாட்டாக நின்ற 'டிரைவ் மை கார்' உட்பட நான்கு பாட்டுக்களை எடுத்துவிட்டு, அவ்விரண்டையும் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

செய்தவர்கள் அன்னியர் அல்லர். கேபிட்டல் என்ற அந்த அமெரிக்க ஸ்தாபனம் 1955-லிருந்தே இ.எம்.ஐ.க்குச் சொந்தமாக இருந்தது. பீட்டில்ஸ் பாட்டுக்களை 1963-இல் பல மாதங்கள் வேண்டாமென்று ஒதுக்கி, விஜே, ஸ்வான் என்ற சிறிய கம்பெனிகளிடம் அவை போகும்படி விட்டதும், பிறகு அந்த வருஷக் கடைசியில் மனம் மாறி ஏற்றுக்கொண்டதும் அதே ஸ்தாபனந்தான். ஏற்றுக்கொண்ட நாள் முதலாகத் தட்டுக்களைப் பிரித்து அடுக்குகிற வேலையும் ஆரம்பமாயிற்று.

இதற்குக் காரணம் வர்த்தகக் கணக்கு. இங்கிலாந்தில் பாட்டை இயற்றியவருக்கும் பதிப்பித்தவருக்கும் சேர வேண்டிய தொகை, தட்டின் விலையில் இத்தனை பங்கு என்று நிர்ணயமாகியிருந்தது. 10 பாட்டானாலும் 14 பாட்டானாலும் அதே பங்கைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சட்டமோ பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட் என்று விதித்திருந்தபடியால், ஒரு பாட்டைக் குறைத்தால் லட்சக்கணக்கான பிரதிகளில் அத்தனை சென்ட்டும் கம்பெனிக்கு மிச்சம். மேலும், தனித்தட்டாக வந்த பாட்டைப் பெரிய தட்டில் மறுபடியும் சேர்த்து ஜனங்களை இரண்டு தரம் காசு கொடுக்க வைக்கலாகாது என்பது இங்கிலாந்தில் பீட்டில்ஸ் தரப்பினர் பெரும்பாலும் அனுசரித்த வழக்கம். பிரபலமான தனிப்பாட்டு இல்லாத தட்டு விலைபோகாது என்பது அமெரிக்க வியாபாரிகளின் அபிப்பிராயம். இப்படி வெட்டி எடுத்ததும் ஒதுக்கி வைத்ததும் சேர்ந்து, இங்கிலாந்தில் 1966 ஆகஸ்டு வரை 7 தட்டுக்களாக வந்த சங்கீதம், அங்கே 10-க்கும் மேற்பட்ட தட்டுக்களாகப் பெருகிற்று.

காணாமற்போன பாட்டுக்களைவிட, குலைந்துபோன வரிசைக்காகத்தான் எனக்கு அதிக வருத்தம். கச்சேரியில் வர்ணத்தை நடுவிலும், துக்கடாவை முதலிலும் வைத்துப் பாடினால், எந்த ஸ்வரமும் பிசகாமலே கச்சேரி பிசகிப்போகும் அல்லவா? இந்த வெட்டு மிக ஆழமாகப் பாய்ந்தது 1966-இல் வந்த 'ரிவால்வர்' மேல். அதற்கென்று செய்த பாட்டுக்களில் மூன்றை முன்கூட்டியே வாங்கிக் கொண்டு வேறொரு தட்டில் கேபிட்டல் போட்டுவிட்டது. மூன்றும் ஜான் லெனன் பாடியவை. இங்கிலாந்தின் 'ரிவால்வ'ரில் லெனன் முன்னின்று பாடிய பாட்டு ஐந்து. அமெரிக்கப் பிரதியில் இரண்டே இரண்டு. ஜார்ஜ் ஹாரிஸனுக்கு அங்கே மூன்று. அதை வாங்கிக் கேட்ட இளைஞன் ஒருவன், லெனனுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று நினைத்திருந்தால் அவன்மேல் என்ன குற்றம்!

அந்த மூன்றும் போய்ச் சேர்ந்த தட்டின் பெயர் 'யெஸ்டர்டே அண்ட் டுடே'. நால்வரும் கசாப்புக்காரரின் வெள்ளை அங்கியணிந்து, மாமிசத் துண்டுகளும் தலை துண்டான பொம்மைகளும் மேலெல்லாம் கிடக்க, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் அதன் அட்டையில் இருந்தது. தங்கள் தட்டுக்களை வெட்டிய கம்பெனிக்கு அவர்கள் சொன்ன பதில் அது என்று ரஸிகர்கள் சொல்வதுண்டு; படமெடுத்த ராபர்ட் விட்டேகரோ, இந்த நால்வரை விக்கிரகங்களாக்கி ஜனங்கள் ஆராதித்ததையே தாம் மனத்தில் கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். முன்கூட்டிப் பார்த்த கடைக்காரர்கள் அருவருத்துப் போகவே, அச்சாகியிருந்த சுமார் 7,50,000 அட்டைகளைக் கம்பெனி திரும்பப் பெற்று, அவற்றில் ஒரு பகுதியின் மேல், பயணப்பெட்டி ஒன்றைச் சுற்றி நால்வரும் இருக்கிற சாதுவான படத்தை ஒட்டி மறுபடியும் அனுப்பிற்று. அவ்வாறு ஒட்டிய பிரதியைக் கையிலெடுத்து வலப்பக்கத்து வெள்ளைப் பரப்பை உற்றுப் பார்த்தால், கறுப்பு முக்கோணம் ஒன்று மங்கலாகத் தெரியும். அது அடிப்படத்தில் ரிங்கோ ஸ்டார் அங்கிக்குள் அணிந்திருந்த கறுப்புச் சட்டையின் கழுத்துப்பகுதி. அதைக் கண்டுபிடித்து, ஆவி காட்டி மேல் தாளைப் பொறுமையாக உரித்தவர்கள் அநேகர்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் நான் சொல்லியாக வேண்டும். 'டிரைவ் மை கா'ரின் மின்சார கிடார் முழக்கம் போய், 'ஐ'வ் ஜஸ்ட் ஸீன் எ ஃபேஸ்' என்ற பாட்டின் மரக் கிடார் துவக்கத்துக்கு வந்தபடியால், அமெரிக்க 'ரப்பர் ஸோல்' ஒரே சாயலுள்ள நாட்டுப்பாடல் தட்டுப் போல அமைந்துவிட்டது. கலிபோர்னியாவில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்ஸன் கேட்டு மயங்கியது இந்தத் தட்டைத்தான். ஒரு தட்டு முழுவதும் ஒரே பொருளாக இருக்கக் கூடும் என்று அதில் உணர்ந்து, அவர் 1966 மே மாதம் 'பெட் ஸவுண்ட்ஸ்' என்ற தட்டைத் தந்தார். அதைக் கேட்டுக் கிளர்ந்ததன் பயனாகவே 'ஸார்ஜண்ட் பெப்பர்' பிறந்தது என்பதைப் பால் மெக்கார்ட்னி பலமுறை சொல்லியிருக்கிறார். 1967 ஜூனில் வந்த அந்தத் தட்டுத்தான், இரண்டு தேசங்களிலும் ஒரே பாட்டுக்களோடு ஒரே வரிசையில் வெளிவந்த முதல் பீட்டில்ஸ் தட்டு.

1987-இல் குறுந்தகடு வந்தபோது, இங்கிலாந்து வரிசையே உலகம் முழுவதற்கும் பொது என்று நிச்சயமாயிற்று. அமெரிக்காவில் தொகுத்தவற்றுள் 'மாஜிக்கல் மிஸ்டரி டூர்' ஒன்றுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அது நியாயமே. ஆயினும் அமெரிக்க ஸ்டீரியோ 'ரப்பர் ஸோ'லில், 'ஐ'ம் லுக்கிங் த்ரூ யூ' என்ற பாட்டின் ஆரம்பத்தில் கிடார் இரண்டு முறை தொடங்கி, இடறி நின்று, மூன்றாம் முறைதான் பாட்டாக ஓடும். இங்கிலாந்தில் வெட்டி நீக்கிய அந்த இடறல், அங்கே தட்டிலேயே தங்கிவிட்டது. அதோடு வளர்ந்தவர்கள் குறுந்தகட்டைப் போட்டபோது பாட்டு நேராக ஆரம்பித்துவிட்டது. பழைய கேபிட்டல் தட்டுக்கள் 2006-இல் பெட்டியாக மறுபடியும் வந்தபோது, அந்த இரண்டு தடவை இடறலும் அதில் திரும்பி வந்தது.