முதல் வரி சொல்லுங்க பாஸ்!

ஒரு புத்தகம் கை மாறினா என்ன ஆகும்? 1947-ல் நடந்ததைக் கேளுங்க. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் ஒரு லா ஸ்டூடண்ட். வயசு 20. நண்பர் ஒருத்தர் காஃப்காவின் கதைப் புத்தகத்தை இரவல் கொடுக்க, ராத்திரி ரூமுக்கு வந்து பிரித்தார். 'உருமாற்றம்' கதையில் முதல் வரியிலேயே ஹீரோ பூச்சியாகக் கண் விழிக்கிறான். நம்மாளு கட்டிலிலிருந்து விழாத குறை! கதைன்னா இப்படியும் எழுதலாமா என்று ஆச்சர்யம். உடனே எழுத உட்கார்ந்தார். அந்த செப்டம்பரிலேயே முதல் கதை பேப்பரில் வந்துடுச்சு. சட்டப் படிப்பு? அதை முடிக்கவே இல்லை (வீட்ல சொல்லிடாதீங்க!). 1982-ல் நோபல் பரிசு வாங்கிய காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ்தான் அவர்.

'சூப்பர் புக்டா, படி'ன்னு சொன்னா எவனும் படிக்க மாட்டான். முழுக் கதையையும் சொல்லிட்டா, சுத்தம்! முதல் வரியை மட்டும் வாசிச்சுக் காட்டிட்டு டபக்னு மூடிடுங்க. 'அப்புறம்?'னு கேட்டா, புத்தகத்தைக் கையில் கொடுத்துடுங்க. ஆனா, முப்பது பக்கம் தாண்டித்தான் சூடு பிடிக்கும் நல்ல நாவல்களும் உண்டு. அதுக்கெல்லாம் இந்த டெக்னிக் வேலைக்கு ஆகாது.

இன்னிக்கு ராத்திரி ரூம்மேட்கிட்டயே ஆரம்பிங்க. கொடுத்த புத்தகம் திரும்பி வருமா? அது உங்க பாடு!