சிகிச்சைக்கு இடையே ஒரு நாள் காட்டோரம்

“அடுத்த பரிசோதனைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதுவரை அறையிலேயே அடைந்து கிடக்க வேண்டுமா, எங்காவது போய்வரலாமா?” புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலானோருக்கு இதற்கு விடை, போய்வரலாம் என்பதே. எங்கே போவது, எந்த நேரத்தில் போவது, திரும்பி வந்தபின் எதைக் கவனிப்பது என்பவை மட்டும் அவரவர் உடல்நிலையைப் பொறுத்து மாறும்.

இக்கேள்வியை நோயாளியைவிட அவருடன் தங்கியிருப்பவரே மிகுதியும் கேட்கிறார் என்பது கவனத்திற்குரியது. நோயாளிக்குப் படுக்கை உண்டு, மருந்து உண்டு, நலம் விசாரிக்கச் செவிலியர் உண்டு. உடனிருப்பவருக்கோ வரிசையில் நிற்பதும், அறிக்கைக்குக் காத்திருப்பதும், விடுதி அறையின் ஒற்றை அடுப்பில் கஞ்சி காய்ச்சுவதுமே வாரக்கணக்கில் வாழ்க்கையாகிவிடுகிறது. தூக்கமின்மை, எரிச்சல், தலைவலி, தமக்குரிய இரத்த அழுத்த மாத்திரையை மறத்தல் ஆகியவை அவர்களிடம் நாங்கள் வழக்கமாகக் காண்பவை. நோயாளி வெளியே செல்ல இயலாத நிலையில் இருந்தாலும், வேறொரு உறவினரை அருகில் அமர்த்திவிட்டு உடனிருப்பவர் அரைநாள் வெளியே சென்றுவருவது குற்றமன்று. அதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளலாம்.

பசுமையைக் காண்பதற்கும் உடல் தேறுவதற்கும் தொடர்பு உண்டா என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்றவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்து, 1984-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். வயது முதலியவற்றில் ஒத்திருந்த 23 இணைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இணையிலும் சாளரத்தின் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவரையும் செங்கற்சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்தவரையும் அவர் ஒப்பிட்டார். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். மரம் மருந்துக்கு மாற்று என்று இதிலிருந்து எவரும் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், வெட்டவெளியையும் மரநிழலையும் நாடும் மனத்தின் விருப்பம் வீண் ஆசையன்று என்பதற்கு இது போதும்.

நூறடி நடந்தாலே மூச்சு வாங்குபவர்களும், அறுவை சிகிச்சை முடிந்து சில நாள்களே ஆனவர்களும் வேலூர்க் கோட்டையைத் தாண்டிச் செல்ல வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கருங்கற்கோட்டை நகரின் நடுவிலேயே உள்ளது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அதன் உட்பகுதி கட்டடங்களால் நெருக்குண்டு போகாமல் இருக்கிறது. தரை சமமானது, மரநிழலும் அகழிநீரும் உண்டு, களைத்தால் சில நிமிடங்களில் திரும்பிவிடலாம். மாலை வெயில் தாழ்ந்தபின் சென்று, ஓரிடத்தில் அமர்ந்துவிட்டு வருவதே முதல் முறைக்குப் போதுமானது.

சற்று வலுவுள்ளவர்களுக்கு ஏற்ற இடம் அமிர்தி. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் வனத்துறையின் சிறிய உயிரியல் பூங்கா அமைந்துள்ளது. 1967-இல் தொடங்கப்பட்டது. பெருநகரப் பூங்காக்களின் பரப்பையும் பகட்டையும் இங்கே எதிர்பார்க்கலாகாது. புள்ளிமான்களையும் மயில்களையும் பார்த்துக்கொண்டே நிழலில் மெல்ல நடக்கலாம் என்பதே இதன் சிறப்பு. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே ஏற்றது. அப்பால் காட்டுக்குள் ஓர் அருவி உண்டு. மழைக்காலத்தையும் அதை அடுத்த வாரங்களையும் தவிர அதில் நீர் இராது. வழி கரடுமுரடானது. நோயாளிகள் பூங்காவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பூங்காவின் விடுமுறை நாளையும் அருவிக்குச் செல்ல அனுமதி உண்டா என்பதையும் புறப்படுவதற்கு முன்பே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

அமிர்திக்குச் செல்லும் வழியில் இருபுறமும் தெரியும் புதர்க்காட்டுக்கும் இப்பகுதியின் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. குரோமிய உப்புகள் வருவதற்கு முன்பு, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதப்பட்டது மரப்பட்டைகளாலும் காய்களாலும்தான். மஞ்சள் பூ பூக்கும் ஆவாரஞ்செடியின் பட்டையும், மலையிலிருந்து இறங்கிய கடுக்காயும் தோல் தொட்டிகளுக்குச் சென்றன. அதே கடுக்காய்தான் நாட்டு மருந்துக் கடையிலும் விற்கப்படுகிறது. தோல் தொழிலில் வாழ்நாளைக் கழித்த முதியவர் எவரேனும் உங்களுடன் வந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பலகை எழுத்தையும்விட நன்றாகவே சொல்வார்.

முன்பெல்லாம் இப்பகுதி மக்கள் காற்று வாங்கச் சென்ற இடம் பாலாற்று மணல்தான். இன்று அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி ஆறு வறண்டிருக்கிறது. தோல் ஆலைகள் நெருங்கிய பகுதிகளில் நிலத்தடிநீர் உவர்ப்பேறிக் கெட்டிருக்கிறது. இது தொடர்பாக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தோடு இணைத்துத் தீர்ப்பளித்தது. வெளியே செல்லும்போது கிணற்றுநீரையோ ஓடைநீரையோ குடிக்காதீர்கள். காய்ச்சி ஆறிய நீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள்.

இனி ஏலகிரி. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை இடம் அது. பொன்னேரியில் தொடங்கும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டிருப்பதால் குழந்தைகள் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே ஏறலாம். பெரியவர்களுக்கு அந்த வளைவுகள் குமட்டலைத் தருவதும் உண்டு. வயிற்றில் புதிய தையல் உள்ளவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. வேலூர் நகரமோ 200 மீட்டரைச் சற்றே தாண்டியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே கீழே 40 பாகை வெயில் அடிக்கும் நாளில் மேலே 34 அல்லது 35 பாகை இருக்கும். சித்திரை வெயிலில் ‘மலைக்குப் போனால் குளிரும்’ என்று நம்பித் தொப்பியும் நீரும் இன்றிச் செல்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். காற்றழுத்தமும் கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். நலமாக உள்ளவர் இதை உணரவே மாட்டார். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர், இதயச் செயலிழப்பு உள்ளவர், இரத்தசோகை மிகுந்தவர் ஆகியோர் உணர்வார்கள். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். மேலே புங்கனூர் ஏரிக்கரையும் அதைச் சுற்றிய நடைபாதையுமே நோயாளிகளுக்குப் போதும். சுவாமிமலை உச்சி ஏறுவது உடன்வரும் இளைஞர்களுக்கு உரியது.

மலையின் மறுபக்கத்து ஜலகாம்பாறை அருவியில் குளிக்கும் ஆசை பலருக்கும் எழும். தையல், வடிகுழாய், கீமோ மருந்து ஏற்றும் குழாய் ஆகியவை உள்ளவர்கள் எந்த அருவியிலும் ஏரியிலும் இறங்கக் கூடாது. மற்றவர்களும் மழை பெய்த மறுநாள் வழுக்குப் பாறைகளை நம்ப வேண்டாம்.

நோய்க்கேற்ற எச்சரிக்கைகள் இன்னும் சில உண்டு. கீமோ சிகிச்சை பெறுபவர்களுக்கு மருந்து ஏற்றிய பின் ஏறத்தாழ ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாள்களில் கூட்டமும் வேண்டாம், பறவைக் கூண்டுகளின் அருகாமையும் வேண்டாம். ‘வெயிலில் நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற பொது அறிவுரை, நீரின் அளவு வரையறுக்கப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகளுக்குப் பொருந்தாது. அவர்கள் வெயிலையே தவிர்க்க வேண்டும். நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. இன்சுலினைப் பூட்டிய வண்டிக்குள் விட்டுச் செல்லவும் கூடாது. தோல் தொழிற்சாலையில் பணிபுரிந்து குரோமிய ஒவ்வாமையால் கையிலோ காலிலோ அரிப்புப் புண் வந்தவர்கள் பலர் நம்மிடம் சிகிச்சை பெறுகிறார்கள். நடைக்கென்று புதிய தோல் காலணி வாங்கி அணிந்தால் அதிலுள்ள குரோமியமே புண்ணை மீண்டும் கிளறக்கூடும். துணிக்காலணி போதுமானது.

காடு பொது இடம்தான். என்றாலும் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பின்னர் இதில் கண்டிப்பு கூடியுள்ளது. மாசி முதல் வைகாசி வரை சருகு காய்ந்திருக்கும். அடுப்பு மூட்டிச் சமைக்கும் எண்ணத்தோடு எவரும் செல்ல வேண்டாம். பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிகளில் ஆந்திர எல்லையிலுள்ள கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் இறங்குவது உண்டு. அப்பக்கத்துக் காட்டோரங்களில் மாலைக்குப் பின் தங்காதீர்கள். குரங்குகளுக்குத் தீனி கொடுக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு வாருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியைப் பற்றி. வேலூர் வட்டாரத்தில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வருபவர்களில் கணிசமானோருக்கு இருப்பது ஸ்க்ரப் டைபஸ். நாளிதழ்கள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. மாட்டின் மீது காணும் பெரிய உண்ணி இதைப் பரப்புவதில்லை. புல்லிலும் புதரிலும் வாழும் மிக நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்புழுவே கடிக்கிறது. கடிக்கும்போது வலிப்பதில்லை. வெளியே செல்ல இதமான ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களே இந்நோய்க்கும் உரிய காலம் என்பதுதான் சிக்கல்.

அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. புல்தரையில் நேரே அமராமல் தடித்த விரிப்பைப் பரப்பி அமருங்கள். கழற்றிய துணியையோ துண்டையோ புதரின் மேல் போடாதீர்கள். முழுக்கால் உடையும் காலுறையும் அணியுங்கள். திரும்பியதும் அனைவரும் சோப்புத் தேய்த்துக் குளித்து, அணிந்திருந்த துணிகளை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். இந்நோய்க்குத் தடுப்பூசி கிடையாது.

கடித்த ஆறு நாள்களிலிருந்து மூன்று வாரத்திற்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கரிய பொருக்கு ஒன்று இருக்கலாம். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளிக்கே அது தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, பாவாடை நாடா கட்டும் இடுப்பு ஆகிய மறைவிடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். வெட்கத்தால் காட்டாமல் விடுபவர்கள் பலர். மருத்துவர் ஆடையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்பதன் காரணம் இதுதான். நோயை முன்னதாகக் கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் மாத்திரையிலேயே பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று நாள்களில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிப்பு சென்றுவிடும். அத்தகைய கடுமையான நிலையில் இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்பதை, வேலூர் மருத்துவர்களின் தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. அமாக்சிசிலின் போன்று மருந்துக்கடையில் தாமாக வாங்கி உண்ணும் மருந்துகள் இதற்கு வேலை செய்வதில்லை, நாள்களைத்தான் விழுங்கும்.

ஆகவே, போய்வந்த நாளையும் இடத்தையும் உங்கள் சிகிச்சைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். மூன்று வாரத்திற்குள் நோயாளிக்கோ உடன் சென்றவர்க்கோ காய்ச்சல் வந்தால், ‘வழக்கமான காய்ச்சல்தான்’ என்று இராமல் வாருங்கள். ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தால் அங்குள்ள மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், இன்ன தேதியில் அமிர்திக்கோ ஏலகிரிக்கோ சென்றிருந்தோம், புல்லில் அமர்ந்தோம் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.