சிறு கொக்கியும் பெரும் பாரமும்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் பாறசாலை. அதற்கு அடுத்துள்ள களியக்காவிளை கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. தேசிய நெடுஞ்சாலை 66 இவ்விரண்டு ஊர்களின் வழியாகவும் செல்கிறது. 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதையும் பாறசாலையைக் கடந்தே தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. இங்குத் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும்.

இந்நெடுஞ்சாலையில் தனித்துச் செல்லும் வண்டிகளே மிகுதி. எனினும், ஒரு வண்டி மற்றொரு வண்டியை இழுத்துச் செல்வதையும் காணலாம். டிராக்டரின் பின்னால் டிரெய்லர் செல்லும். நீண்ட சரக்குந்தின் மேல் கண்டெய்னர் அமர்ந்திருக்கும். இருப்புப்பாதையில் ஓர் எஞ்சின் இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை இழுத்துச் செல்லும். இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் பெரியவை. ஆனால், அவ்விரண்டையும் பிணைக்கும் உறுப்போ மிகச் சிறியது. அதுவே இணைப்புக் கொக்கி. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் வேன் ஒன்றில் பொருத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

நுகத்தடி முதல் ரயில் பெட்டி வரை

இணைப்பு என்பது புதிய சிந்தனை அன்று. மாட்டுவண்டியில் நுகத்தடியை ஏர்க்காலுடன் கயிற்றால் பிணைப்பர். மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு பூட்டுவது பூட்டாங்கயிறு. கயிறு மிக இறுகினால் மாடு திரும்ப இயலாது. மிகத் தளர்ந்தால் வண்டி அலையும். பிடிப்பும் வேண்டும், அசைவும் வேண்டும் என்பதே எல்லா இணைப்புகளுக்கும் பொதுவான விதி.

டிராக்டரில் இவ்விதி வேறு வடிவம் கொள்கிறது. டிரெய்லரின் முன்னுள்ள இரும்பு வளையத்தை டிராக்டரின் பின்னுள்ள இணைப்பில் வைத்துத் தடித்த முளை ஒன்றைச் செருகுகின்றனர். வளையத்திற்கும் முளைக்கும் இடையே இடைவெளி இருப்பதால் மேடுபள்ளங்களில் ‘கடகட’ என்னும் ஒலி எழும். மெதுவாகச் செல்லும் வண்டிக்கு இது போதும்.

கண்டெய்னர் ஏற்றும் நீண்ட டிரெய்லரில் கீழ்நோக்கி நீண்ட ஒரு முளை உண்டு. இழுக்கும் வண்டியின் முதுகிலுள்ள வட்டத் தட்டு அதனைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். அத்தட்டின் மீது மசகு பூசப்படுவதால் வண்டி எளிதாகத் திரும்புகிறது. புதிய வகை ரயில் பெட்டிகளின் இணைப்பு, இரண்டு கைகள் விரல்களை மடக்கி ஒன்றையொன்று பற்றிக்கொள்வதைப் போன்றது.

வேனுக்கு ஏற்ற குமிழ்

வேன், கார் போன்றவற்றில் குமிழ் இணைப்பே பெரிதும் பயன்படுகிறது. வேனின் பின்புறத்தில் பந்து வடிவிலான எஃகுக் குமிழ் இருக்கும். டிரெய்லரின் முன்முனையிலுள்ள கிண்ணம் அதன் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். வளைவில் இடவலமாகவும், மேட்டில் மேல்கீழாகவும், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பக்கவாட்டில் சாய்ந்தும் அசைவதற்குக் குமிழ் இடம் தருகிறது. மூவகை அசைவையும் அனுமதித்து, பிடியை மட்டும் விடாதிருப்பதே இதன் சிறப்பு.

எல்லாக் குமிழ்களும் ஒரே அளவுடையவை அல்ல என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் குமிழின் விட்டம் 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் பரவலாக வழங்குவது 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணால் பார்த்து அறிய முடியாது. ஆயினும் பெரிய கிண்ணம் சிறிய குமிழின் மீது தளர்ந்து நிற்கும். சாலைக் குழியில் விழுந்தெழும்போது துள்ளிக் கழன்றுவிடக்கூடும். சிறிய கிண்ணமோ பெரிய குமிழின் மீது முழுமையாக இறங்கிப் பூட்டாது. எனவே, ஒரு நாட்டின் வேனையும் மற்றொரு நாட்டின் டிரெய்லரையும் இணைக்குமுன் குமிழிலும் கிண்ணத்திலும் பொறிக்கப்பட்டுள்ள அளவுகளைப் படித்து ஒப்பிட வேண்டும்.

எவ்வளவு பாரம் இழுக்கலாம்?

இறக்குமதி செய்யப்பட்ட வேனில் அதன் எடை அளவுகளைக் காட்டும் தகடு ஒன்று இருக்கும். பாரத்துடன் வேன் மட்டும் எட்டத்தக்க உச்ச எடை அதில் இருக்கும். வேனும் டிரெய்லரும் சேர்ந்து எட்டத்தக்க உச்ச எடை தகட்டிலோ கையேட்டிலோ தரப்பட்டிருக்கும். முதல் எடை 3,000 கிலோகிராம், இரண்டாவது 4,500 கிலோகிராம் என்று கொள்வோம். வேன் முழுப் பாரத்துடன் செல்லும்போது டிரெய்லருக்கு எஞ்சுவது 1,500 கிலோகிராம். வாங்கிய கொக்கி 2,000 கிலோகிராம் தாங்கும். டிரெய்லரின் கிண்ணம் 750 கிலோகிராம் மட்டுமே தாங்கும் என்றால், இழுக்கத்தக்க எடை எவ்வளவு? விடை 750 கிலோகிராமே. வலிமை மிக்க உறுப்பு எல்லையை வகுப்பதில்லை. மிகவும் மெலிந்த உறுப்பே வகுக்கிறது.

அந்த வகை வேன் டிரெய்லர் இழுக்கத் தக்கதன்று என்று கையேடு கூறினால், எவ்வளவு உறுதியான கொக்கியை வாங்கிப் பொருத்தினாலும் பயனில்லை. எஞ்சினுக்கு ஆற்றல் உண்டே என்று சிலர் எண்ணுவர். இழுப்பது எளிது, நிறுத்துவதே கடினம். இறக்கத்தில் டிரெய்லரின் எடை வேனை முன்னோக்கித் தள்ளும். அதனால்தான் ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட உச்ச எடையுள்ள டிரெய்லர்களுக்குத் தனித் தடை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

மயிற்பீலி மிக மெல்லியது. அதையும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் கூறியுள்ளார். அக்குறள் இடம்பெற்ற அதிகாரத்தின் பெயர் ‘வலியறிதல்’. கொக்கி வாங்கப் புறப்படுவோர் முதலில் செய்ய வேண்டியதும் அதுவே.

முனை எடை

டிரெய்லரின் மொத்த எடையில் ஒரு சிறு பகுதி குமிழின் மீது கீழ்நோக்கி அழுத்தும். அது முனை எடை எனப்படும். ஐரோப்பிய வழக்கில் இது டிரெய்லர் எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை இருக்கும். 700 கிலோகிராம் எடையுள்ள டிரெய்லருக்கு இது 35 முதல் 49 கிலோகிராம் ஆகும். அமெரிக்க வழக்கில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொள்வர். வேனும் கொக்கியும் எவ்வளவு முனை எடையைத் தாங்கும் என்பதையும் பார்த்தே பாரத்தை அடுக்க வேண்டும்.

முனை எடை மிகுந்தால் வேனின் பின்பகுதி தாழ்ந்து முன்சக்கரங்கள் இலேசாகும். அப்போது வளையத்தைத் திருப்பினாலும் வண்டி உடனே கேட்காது. முனை எடை குறைந்து, பாரம் டிரெய்லரின் பின்பகுதியில் குவிந்தால், டிரெய்லர் பாம்பு நெளிவதுபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். அந்நேரத்தில் ஓட்டுநர் வளையத்தை வெட்டித் திருப்புதலும் வேகத்தைக் கூட்டுதலும் ஆகாது. வளையத்தை நேராகப் பற்றி, வேகமுடுக்கியிலிருந்து காலை எடுத்து, வண்டி தானே வேகம் தணிய விட வேண்டும். அதைவிட நல்லது, கனமான பொருள்களை அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் அடுக்கிக்கொண்டு புறப்படுவது.

பொருத்தும் முறை

கொக்கியை வேனின் அடிச்சட்டத்தில்தான் பொருத்த வேண்டும். பின்புற பம்பரும் மெல்லிய தகடும் இழுவிசையைத் தாங்கா. பல வேன்களில் இதற்கென்றே துளைகள் விடப்பட்டிருக்கும். அவ்வகை வேனுக்கெனச் செய்யப்பட்ட கொக்கியை அத்துளைகளில் போல்ட்டுகளால் பிணைப்பதே சிறந்தது. பட்டறையில் கண்ட இடத்தில் பற்றவைத்தால் சட்டத்தின் எஃகு அவ்விடத்தில் வலுவிழக்கக்கூடும். அருகில் எரிபொருள் தொட்டி இருந்தால் தீ விபத்தும் நேரலாம்.

போல்ட்டுகளைக் கைப்பழக்கத்தால் இறுக்கினால் போதாது. முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனரைக் கொண்டு கையேட்டில் உள்ள அளவிற்கு முடுக்க வேண்டும். சில நாள் ஓடிய பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும்; அதிர்வினால் புதிய போல்ட்டுகள் சற்றுத் தளர்வது உண்டு.

அடுத்தது மின்னிணைப்பு. டிரெய்லரின் பின்விளக்குகள் வேனின் விளக்குகளோடு ஒருசேர எரிய வேண்டும். அமெரிக்க வேன்கள் பலவற்றில் நிறுத்த விளக்கும் திரும்பு விளக்கும் ஒரே சிவப்பு விளக்காக இருக்கும். பிற நாட்டு வண்டிகளில் திரும்பு விளக்கு மஞ்சள் நிறத்தில் தனியாக இருக்கும். ஆகவே, கம்பிகளை அப்படியே முறுக்கி இணைத்தால் தவறான விளக்கு எரியும். இதற்கெனச் சிறு மாற்றுக்கருவியைப் பொருத்த வேண்டும்.

இறுதியாக, காப்புச் சங்கிலிகள். இரண்டு சங்கிலிகளை இணைப்பின் அடியில் குறுக்காக மாட்டுவர். குமிழிலிருந்து கிண்ணம் கழன்றாலும் டிரெய்லரின் முனை தரையில் விழாமல் அச்சங்கிலிகள் தொட்டிலைப் போல் தாங்கிக்கொள்ளும்.

சட்டமும் கடமையும்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 டிரெய்லரைத் தனியொரு வாகனமாகக் கருதுகிறது. அதற்குத் தனிப் பதிவும் பதிவெண்ணும் தேவை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே, கொக்கி பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது உரிமையாளரின் கடமையாகும்.

கழன்ற டிரெய்லருக்கு ஓட்டுநர் இல்லை. அது எத்திசையில் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாறசாலைக் கடைத்தெரு போன்ற நெருக்கமான இடத்தில் அதன் பின்னால் வருபவர் இருசக்கர வண்டியில் குழந்தையுடன் செல்பவராக இருக்கலாம். சாலையோரத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடந்துகொண்டிருக்கலாம். புறப்படுமுன் குனிந்து கொக்கியையும் சங்கிலியையும் விளக்கையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் வண்டிக்காரருக்காக மட்டும் அன்று; சாலையில் செல்லும் அனைவருக்காகவும் செலவிடப்படுவது.

சொல்லும் பொருளும்

நுகத்தடி – மாடுகளின் கழுத்தில் வைக்கும் குறுக்குமரம்
ஏர்க்கால் – வண்டியிலிருந்து நுகத்தடி வரை நீளும் மரம்
முளை – துளையில் செருகும் தடித்த ஆணி
மசகு – உராய்வைக் குறைக்கும் நெய்ப்பொருள்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு

சிந்தித்து எழுதுக

1. ‘பிடிப்பும் வேண்டும், அசைவும் வேண்டும்’ – மாட்டுவண்டியையும் குமிழ் இணைப்பையும் கொண்டு விளக்குக.
2. ஒரு வேன் 1,200 கிலோகிராம் இழுக்கும். கொக்கி 1,000 கிலோகிராமும் கிண்ணம் 1,400 கிலோகிராமும் தாங்கும். இழுக்கத்தக்க எடை எவ்வளவு? காரணம் கூறுக.
3. ‘இழுப்பது எளிது, நிறுத்துவதே கடினம்’ – இக்கூற்றின் பொருளை உம் சொற்களில் எழுதுக.
4. உம் ஊரில் ஒரு வண்டி மற்றொன்றை இழுத்துச் செல்வதைக் கண்டதுண்டா? அவை எவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தன என்பதை ஐந்து தொடர்களில் எழுதுக.