ஏழாம் கற்பனையும் கூலி நெசவும்

சென்ற வாரம் ஐந்தாம் கற்பனையைப் பார்த்தோம். இந்த வாரம் களவைப் பற்றிய கற்பனை. சி.எஸ்.ஐ. குடும்பத்திலிருந்து கோவை லுத்தரன் சபைக்கு மருமகளாக வருகிறவர்கள் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள். அவர்கள் படித்த வரிசையில் இது எட்டாவது. லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கருக்கும் ஏழாவது. எண் எதுவானாலும் கேட்பது ஒன்றுதான்.

சாக்சனியில் ஊர் ஊராகச் சபைகளைப் பார்வையிட்ட லுத்தர், விசுவாசப் பிரமாணம்கூடத் தெரியாத சனங்களைக் கண்டு மனம் நொந்து, 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். வீட்டுத் தலைவர் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சொல்லித்தர வேண்டிய பாடம் அது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார்.

ஏழாம் கற்பனைக்கு அதில் உள்ள விளக்கம், அடுத்தவர் பொருளை எடுக்காதே, போலிச் சரக்காலும் ஏமாற்றுப் பேரத்தாலும் பறிக்காதே என்பதோடு நிற்கவில்லை. அவருடைய சொத்தும் பிழைப்பும் நிலைக்கக் கைகொடுக்கவும் சொல்கிறது. நம்மில் பலர் முதல் பாதியோடு எழுந்துவிடுகிறோம்.

ஈரோட்டில் விரலி மஞ்சளுக்கு ஒரு விலை, கிழங்குக்கு வேறு விலை. மேலே விரலியைப் பரப்பி அடியில் கிழங்கைத் திணித்து மூட்டை கட்டினால் அது போலிச் சரக்கு, யாருக்கும் புரியும். சோமனூர், பல்லடம் பக்கம் போனால் கேள்வி கடினமாகிறது. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். விசைத்தறிக்காரர் கூலிக்கு நெய்து துணியைத் திருப்பித் தருவார். கூலி உயர்வுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் பழைய கூலியையே கொடுத்தால்? ஊரில் அவரைத் திருடர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். லுத்தர் சொல்வார். நாற்காலியில் அமர்ந்து பெரிய மனிதராக மதிக்கப்படுகிறவர்களிலும் கொள்ளைக்காரர் உண்டு என்று பெரிய ஞானோபதேசத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். வேலையில் ஏய்க்கும் ஆளையும் அவர் விடவில்லை.

சரியான கூலி கொடுத்தால் மோட்சம் கிடைக்குமா? கிடைக்காது. 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 4ஆம் பிரிவு, கிறிஸ்துவை நம்புகிறவரைக் கடவுள் கிருபையால் இலவசமாக நீதிமானாக்குகிறார் என்கிறது. 6ஆம் பிரிவு, அந்த நம்பிக்கை நற்கிரியைகளைக் கட்டாயம் தரவேண்டும், ஆனால் அவற்றைக் காட்டிக் கடவுளிடம் கணக்குக் கேட்கக்கூடாது என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் எனக்குப் பெரிய விடுதலை தெரிகிறது. எனக்கு வேண்டிய புண்ணியத்தை நெசவாளியின் கூலியில் தேட வேண்டியதில்லை. ஆகவே அந்தப் பணம் முழுக்க அவருடைய அரிசிக்கும், பிள்ளை படிப்புக்கும், தறிக்கடனுக்கும் போகலாம்.

திடப்படுத்தல் வகுப்பில் ஏழாம் கற்பனையின் விளக்கத்தைப் பிள்ளைகள் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறார்கள். ஆயர்கள் இன்னும் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: உங்கள் வீட்டுத் தொழிலில் யாருடைய பிழைப்பு உங்கள் கையில் இருக்கிறது? பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.

(தொடரும்)