உளவியல் பட்டம்: எதனைத் தேர்ந்தெடுப்பது?

கடையநல்லூர் வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறும் மாணவ மாணவியரிற் சிலர் இப்பொழுது உளவியல் கற்க விரும்புகின்றனர். பெற்றோர் உடனே கேட்பவை இரண்டு: அது டாக்டர் படிப்பா? அதனால் உத்தியோகம் கிடைக்குமா? இரண்டும் நியாயமான கேள்விகளே.

டாக்டர் படிப்பு அன்று. மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். தேறிய பின்னர் அத்துறையில் மேற்படிப்புப் பயின்றவர். உளவியலாளரோ சோதனைகளாலும் உரையாடலாலும் துணைபுரிபவர். இருவரும் நமக்கு வேண்டும். 2001 ஆகஸ்டு 6இல் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் தீயில் மாண்டதைத் தென் மாவட்டத்தார் மறக்கவொண்ணாது. சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் சங்கிலி கழற்றப்பட்டவரைப் பேணுதற்குப் பயிற்சி பெற்றோர் வேண்டுமல்லவா?

இனிப் பட்டங்களைக் காண்போம். பி.ஏ., பி.எஸ்ஸி. என இரு பெயர்களில் இப்படிப்பு உண்டு. பி.எஸ்ஸி.யில் பெரும்பாலும் புள்ளியியலும் ஆய்வுக்கூடப் பயிற்சியும் மிகுதி. எனினும் பெயரைவிடப் பாடத்திட்டத்தையே நோக்குதல் வேண்டும். ஆய்வுக்கூடம் நன்கமைந்த ஒரு கல்லூரியின் பி.ஏ., பெயரளவிலான பி.எஸ்ஸி.யினும் மேலானது. கணக்கிற்கு அஞ்சி இங்கு வருவோர் ஏமாறுவர். இரண்டிலும் புள்ளியியல் காத்திருக்கிறது!

உத்தியோகத்தைப் பற்றி ஒளிவின்றிக் கூறிவிடுகிறோம். மூன்றாண்டுப் பட்டம் மட்டும் பெற்றவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடமாட்டார். அதற்கு மேல் முதுகலைப் படிப்பும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற தொழிற்பயிற்சியும், அக்கவுன்சிலின் பதிவும் வேண்டும். அக்கவுன்சில் அண்மையில் ஏற்படுத்திய நான்காண்டு மருத்துவ உளவியல் பட்டம் வேறு வகையினது; அதனையும் விசாரித்தறிவது நன்று. விரைவில் ஊதியம் தேவைப்படும் குடும்பத்தார் இந்த ஆண்டுக் கணக்கை முன்னரே போட்டுக்கொள்ளல் வேண்டும். பட்டத்தோடு நின்றாலும் பட்டதாரிகளுக்குரிய பொதுவான அரசுத் தேர்வுகளை எழுதலாம். மனநலத் துறையிலேயே பணிபுரிய விரும்புவோர்க்குச் சமூகப் பணிப் படிப்பு மற்றொரு வழி.

வெளியூர் அனுப்பத் தயங்கிய பெற்றோர் பலர் முன்பு அஞ்சல்வழிக் கல்வியையே நம்பினர். 2025 ஜூலை–ஆகஸ்டுப் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் கற்பித்தலைப் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. ஆதலின் இன்றும் எவரேனும் வீட்டிலிருந்தே இப்பட்டம் பெறலாமென்று பணம் கேட்பாராயின், கொடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943ஆம் ஆண்டே உளவியல் துறை தொடங்கப்பட்டது. ஆயினும் இப்படிப்பு இன்றும் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. எனவே மாணவியர் விடுதியில் தங்க நேரலாம். பெற்றோர் சேர்க்கைக்கு முன் ஒருமுறை நேரிற் சென்று, கல்லூரியோடு விடுதியையும் பார்த்து, அங்குப் பயிலும் மாணவியரிடமே விசாரித்து வருக.