செம்மையற்ற கோடுகளும் நாளாந்தக் குறிப்புகளும்

எமது ஆசிரிய பீடத்துக்கு வந்துசேரும் வாசகர் கடிதங்கள் பலவற்றில் ஒரே வாசகம் ஏதோவொரு வடிவில் இடம்பெறுவதை நாம் நீண்ட காலமாகவே அவதானித்து வருகின்றோம். "எழுதிப் பழக்கமில்லை, பிழைகள் இருப்பின் பொறுத்தருள்க" என்பதே அது. கடிதத்தின் உள்ளடக்கமோ பெரும்பாலும் கனதியானது. தூர்ந்துபோன குளத்தைப் பற்றி அந்தக் குளத்தின் கீழ் வயல் செய்தவரே எழுதியிருப்பார். கரைவலைத் தொழிலின் நலிவைப் பற்றி வலை இழுத்தவரே எழுதியிருப்பார். தாம் எடுத்துக்கொண்ட விடயத்தில் அவர்கள் எம்மைவிட அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. இருந்தும் மன்னிப்புக் கோரிய பின்னரே அவர்களால் பேச முடிகின்றது. இந்த மன்னிப்பு எங்கிருந்து வருகின்றது என்பது சிந்தனைக்குரியதாகும்.

நான்கு வயதுப் பிள்ளையின் கையில் கரித்துண்டு ஒன்றைக் கொடுத்தால் அது சுவரை நிரப்பிவிடும். தான் வரைந்தது யானைதானா என்ற ஐயம் அதற்குச் சிறிதும் எழுவதில்லை. அதே பிள்ளை எட்டாம் வகுப்பை அடையும்போது "எனக்குச் சித்திரம் வராது" என்று சொல்லக் கற்றுக்கொண்டு விடுகின்றது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்ன? கரும்பலகையில் உள்ளதை உள்ளவாறே கொப்பியில் இறக்கும் பழக்கமும், சிவப்பு மையும், புள்ளிகளும், தாளே கிழியுமளவுக்கு அழிறப்பரால் தேய்க்கும் அவசரமும் அந்தப் பிள்ளையை இந்த முடிவுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆசிரியர்களை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. பரீட்சைக்கு உதவாதெனக் கருதி வண்ணப் பெட்டியை மூடி வைக்கும் பெற்றோருக்கும், செப்பமான மொழிநடை இல்லையென்று நல்ல கடிதங்களை ஒதுக்கிவிடும் எம்மைப் போன்ற பத்திரிகையாளர்களுக்கும் இதில் பங்குண்டு.

பிழைக்கு அஞ்சாத படைப்பு எவ்வாறு இருக்கும் என்பதற்கு மகாகவி இரவீந்திரநாத் தாகூரின் வாழ்க்கையில் ஒரு சிறந்த சான்று உண்டு. 1913இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற அவர் சித்திரக்கலையில் முறையான தேர்ச்சி பெற்றவர் அல்லர். கவிதை எழுதும்போது வேண்டாத சொற்களையும் வரிகளையும் அடித்துவிடுவது எல்லா எழுத்தாளர்களும் செய்வதே. தாகூரோ அடித்த இடங்களை அவ்வாறே விட்டுவிட மனமில்லாதவராய், அந்தக் கீறல்களை ஒன்றோடொன்று இணைத்து, பறவையாகவும் பெயரறியா விலங்காகவும் மனித முகமாகவும் வளர்க்கத் தொடங்கினார். 1924இல் ஆர்ஜென்ரீனாவுக்குச் சென்ற அவர், உடல்நலம் குன்றி, அந்நாட்டு எழுத்தாளர் விக்ரோரியா ஒகம்போவின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அப்போது எழுதிக்கொண்டிருந்த 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் பிரதியில் இத்தகைய உருவங்கள் நிறைந்திருந்தன. அவற்றைக் கண்டு வியந்த அதே ஒகம்போவின் முயற்சியால், 1930ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் தாகூரின் சித்திரங்கள் முதன்முறையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது 69.

அதன் பின்னர் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் அமெரிக்காவிலும் அவை காட்சிப்படுத்தப்பட்டன. வாழ்வின் இறுதிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அவர் வரைந்தவை 2000க்கும் அதிகம். நிறங்களைப் பிரித்தறிவதில் அவருக்குக் குறைபாடு இருந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உளர். ஹொரணையில் ஸ்ரீ பாலி கலைக்கூடத்துக்கு 1934இல் அடிக்கல் நாட்ட இலங்கை வந்த தாகூர், உலகறிந்த கவிஞர் மட்டுமல்லர். தூரிகை பிடித்து ஒருசில ஆண்டுகளே ஆன ஒரு புதிய மாணவரும் ஆவார். கவிதையில் அத்தனை புகழ் ஈட்டிய ஒருவர், தமக்குத் தேர்ச்சியற்ற ஒரு துறையில் உலகின் முன் நிற்கத் துணிந்தமையே இங்கு நாம் கவனிக்க வேண்டியதாகும். அந்தத் துணிவு கண்காட்சி மண்டபத்தில் பிறந்ததன்று. எவருக்கும் காட்டும் நோக்கமின்றி, பிழையான வரிகளின் மீது நாள்தோறும் கை ஓடியதால் விளைந்தது அது.

நாளாந்தக் குறிப்பும் இதே வழியிலேயே மனிதருக்கு நம்பிக்கையை ஊட்டுகின்றது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் தமது குறிப்பை ஆரம்பித்தார். 1761 ஜனவரியில் அவர் மறையும் காலம் வரை அது நீண்டது. கப்பல் வந்த செய்தி, சரக்கின் விலை, ஆளுநர் பேசிய பேச்சு, ஊரார் வம்பு, சகுனம், தமக்கு நேர்ந்த மனக்கசப்பு என அனைத்தும் அதில் உண்டு. இலக்கணம் வகுத்த தமிழில் அவர் எழுதவில்லை. பேச்சு வழக்கோடு பாரசீக, போர்த்துக்கேயச் சொற்களும் கலந்த, கணக்கு எழுதும் ஒரு வணிகரின் தமிழ் அது. அக்காலப் புலவர் எவரும் அதனை இலக்கியமென ஏற்றிருக்க மாட்டார். ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னிந்திய வரலாற்றை எழுத முனையும் எவரும் இன்று அந்தக் குறிப்புகளைத் தவிர்த்துவிட முடியாது.

மொகலாயப் பேரரசை நிறுவிய பாபரின் குறிப்புகள் இன்னொரு உதாரணம். அரசவை மொழியாகப் பெருமதிப்புப் பெற்றிருந்த பாரசீகத்தை விடுத்து, தமது தாய்மொழியான சகதாய் துருக்கிய மொழியிலேயே அவர் 'பாபர்நாமா'வை எழுதினார். தோற்ற போர்களையும், மதுப்பழக்கத்தையும், முலாம்பழத்தை வெட்டும்போது பிறந்த பூமியின் நினைவில் அழுததையும் அவர் மறைக்கவில்லை. 1528இல் தம் மகன் ஹுமாயூனுக்கு வரைந்த கடிதமொன்றில், அலங்காரமாக எழுத முயல்வதாலேயே உன் எழுத்து விளங்காமற் போகின்றது, இனி எளிய சொற்களில் எழுது, உனக்கும் சிரமம் குறையும், படிப்பவருக்கும் சிரமம் குறையும் என்ற கருத்தில் அறிவுறுத்தியுள்ளார். (அதே கடிதத்தில் மகனின் எழுத்துப் பிழைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதை நாம் மறைப்பதற்கில்லை. தந்தையர் எக்காலத்திலும் தந்தையரே!) 1529இல் பாளயத்தில் இரவு வேளை வீசிய புயலில் கூடாரம் சரிந்து, எழுதிய தாள்கள் நனைந்தபோது, விடியும் வரை உறங்காது அவற்றைத் தீயில் உலர்த்திக்கொண்டிருந்ததாக அவரே பதிந்துள்ளார். ஒரு சக்கரவர்த்தி காப்பாற்றத் துடித்தது அந்தத் தாள்களையே.

எழுதுவதால் உடலுக்கும் உள்ளத்துக்கும் பயன் உண்டா என்று விஞ்ஞான ரீதியாக ஆராய்ந்தவர்களும் உளர். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சான்ட்ரா பீல் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர் சிலர் தமது வாழ்வின் துயரமான அனுபவங்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளொன்றுக்கு பதினைந்து நிமிடம் வீதம் எழுதினர். எழுதி முடித்த வேளையில் அவர்களது மனம் சோர்வுற்றே இருந்தது. ஆயினும் தமது துயரத்தையும் அதுபற்றிய உணர்வுகளையும் சேர்த்து எழுதியோர் அடுத்துவந்த மாதங்களில் மருத்துவ நிலையத்தை நாடியது ஏனையோரைவிடக் குறைவாகக் காணப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் அனைத்தும் இதே அளவு பயனைக் காட்டிவிடவில்லை. ஆகவே கொப்பியை மருந்தெனக் கொள்வது தவறு. ஆழ்ந்த மனக்காயம் உடையவர்கள் தனிமையில் எழுதி அதனைக் கிளறிக்கொள்வதைவிட உளவளத் துணையாளரை நாடுவதே உசிதமானது.

துணையோடு இயங்கும் கலைக்கு எமது மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. போர் உக்கிரமாக இருந்த காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா ஆரம்பிக்கப்பட்டது. இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இதில் முன்னின்றனர். ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய அயற்கிராமங்களைச் சேர்ந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு ஒன்றாக அமர்ந்து களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை புனைந்தனர். அழகான சித்திரத்தை உருவாக்குவது அங்கு நோக்கமாக இருக்கவில்லை. பயத்தில் உறைந்துபோன கை மீண்டும் அசைய வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது.

இவ்விடயம் எம் மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஓரிரவில் நடந்த தமிழ் மக்களும், 2004 டிசெம்பரில் கடல் கொண்டுபோன கிழக்குக் கரையின் இரு சமூகத்தவரும் இழந்தவற்றில் வீட்டுக் கொப்பிகளும் அடங்கும். அன்று என்ன நடந்தது என்பதை அறிய அறிக்கைகள் இருக்கின்றன. அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள், பூட்டிய கதவின் திறப்பை யாரிடம் கொடுத்தார்கள், வழியில் தண்ணீர் தந்தவர் யார் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. அதனை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். எழுதும்படி கேட்டால், "எனக்கு எழுத வராது, தம்பி" என்பதே பலரின் பதிலாக இருக்கின்றது.

தொடங்குவதற்கு விலையுயர்ந்த நாட்குறிப்பேடு தேவையில்லை. சொல்லப்போனால், அழகான அட்டையுடைய ஏடே பலரை எழுதவிடாமல் தடுப்பது. அதனைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் கையைக் கட்டிப்போடும். பிள்ளைகள் பாதியில் விட்ட பழைய கொப்பி ஒன்றே போதும். திகதி, மழையோ வெயிலோ, அரிசியின் விலை, வீட்டுக்கு வந்துபோனவர், அன்று காதில் விழுந்த ஒரு பேச்சு என ஐந்து வரிகள் போதுமானவை. வீட்டில் எப்படிப் பேசுவோமோ அப்படியே எழுதலாம். யாழ்ப்பாணத்தவர் தம் பேச்சிலும், அக்கரைப்பற்றார் தம் பேச்சிலும் எழுதட்டும். எதிர்ப்பக்கத்தில் முற்றத்து முருங்கையையோ அடுப்படிக் கேத்தலையோ வரைந்து பார்க்கலாம். கோடு கோணினால் அதன் பக்கத்தில் இன்னொரு கோட்டை இடலாம். அழிறப்பரை மட்டும் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். முதல் ஒரு மாதத்துக்கு எழுதியதைத் திரும்பிப் படிக்காதிருப்பதும், எவருக்கும் காட்டாதிருப்பதும் நல்லது. வீட்டிலுள்ளோரும் எட்டிப் பார்த்துத் திருத்தம் சொல்லாதிருப்பார்களாக.

அக்கொப்பியிலிருந்து ஏதேனும் ஒரு பக்கத்தை எமக்கு அனுப்ப விரும்புவோர், முதல் வரியில் மன்னிப்புக் கோராமல் விடயத்திலேயே ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். எழுத்துப் பிழைகளைத் திருத்துவது எமது வேலை. அதற்கென்றே இங்கு மூவர் அமர்ந்திருக்கின்றனர்.