தாலியா, மோதிரமா, வெறும் வார்த்தையா: நீங்களே அமைக்கிற கல்யாணத்துக்குச் சட்டம் கேட்பது எவ்வளவு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரக் கேள்வி விருத்தாசலத்துலேருந்து வந்திருக்கு. பையன் அங்கே பீங்கான் தொழிற்பேட்டையில வேலை பார்க்கிறார், பொண்ணு டீச்சர். அவங்க எழுதினது இதுதான்: "எங்க கல்யாணத்துல புரோகிதர் வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின உறுதிமொழியைப் படிக்கப் போறோம். வர்றவங்களுக்குத் தாம்பூலப் பைக்குப் பதிலா எங்க ஊர்ல செஞ்ச பீங்கான் பொம்மை. இதெல்லாம் சட்டப்படி செல்லுமா?"

பொம்மையைப் பத்திச் சட்டத்துக்குக் கவலை இல்ல. உறுதிமொழி எத்தனை பக்கம், யார் மேடையில பேசுறாங்க, நாதஸ்வரமா பறையான்னும் அது கேட்காது. ரெண்டு மணி நேர நிகழ்ச்சியில சட்டத்துக்கு வேண்டியது ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷம் எதுன்னு தெரிஞ்சு, அதைச் சரியா செஞ்சுட்டா மிச்சமெல்லாம் உங்க இஷ்டம். ஆனா அது எதுங்கிறது ஒரு விஷயத்தைப் பொறுத்து மாறும், அதை இவங்க எழுதல. ரெண்டு பேரும் ஒரே மதமா, வேற வேறயா? அதனால ரெண்டு வழியையும் சொல்லிடறேன்.

ரெண்டு பேரும் இந்துன்னா தமிழ்நாட்டுல நமக்கு ஒரு வசதி இருக்கு. 1928 மே 28-ல அருப்புக்கோட்டை பக்கத்துல சுக்கிலநத்தத்துல பெரியார் நடத்தி வெச்சதைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம்னு சொல்றோம். அப்புறம் நாப்பது வருஷம் அந்த மாதிரிக் கல்யாணம் ஆயிரக்கணக்குல நடந்துச்சு, சட்டம் மட்டும் கூட வரல. 1950-கள்ல ஒரு வழக்குல சென்னை உயர் நீதிமன்றம், சடங்கு இல்லாத இந்தத் திருமணம் செல்லாதுன்னே சொல்லிடுச்சு. அப்போ அந்தத் தம்பதிகளோட பிள்ளைகளுக்குச் சொத்துல என்ன நிலைமைன்னு யோசிச்சுப் பாருங்க. அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ 1967-ல இந்து திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாடு ஒரு திருத்தம் கொண்டு வந்துச்சு. 1968 ஜனவரி 20-லேருந்து அது நடைமுறையில இருக்கு. அதுதான் 7-ஏ பிரிவு. ஏற்கெனவே நடந்து முடிஞ்ச கல்யாணங்களையும் அது செல்லும்னு ஆக்கிடுச்சு.

7-ஏ கேட்கிறது ரொம்பக் குறைவு. உறவினரோ நண்பரோ வேற யாரோ சாட்சியா இருக்கணும். அவங்க முன்னாடி மூணுல ஏதாவது ஒண்ணு நடந்தா போதும். ஒருத்தரை ஒருத்தர் கணவனா, மனைவியா ஏத்துக்கிறதா ரெண்டு பேருக்கும் புரியிற மொழியில சொல்லலாம். இல்லேன்னா மாலை மாத்திக்கலாம், மோதிரம் போடலாம். அதுவும் இல்லேன்னா தாலி கட்டலாம். மூணும் வேணும்னு இல்ல, புரோகிதரும் தேவையில்ல. உறுதிமொழி எழுதுறவங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான்: கவிதையா எவ்வளவு வேணும்னாலும் எழுதுங்க, ஆனா "உங்களை என் கணவரா ஏத்துக்கறேன்", "உன்னை என் மனைவியா ஏத்துக்கறேன்"ங்கிற நேரடி வாக்கியம் உள்ளே இருக்கட்டும். "வாழ்நாள் தோழி", "சக பயணி" மட்டும் போட்டு விட்டுடாதீங்க. பின்னாடி வக்கீல்கள் அந்த வார்த்தைகளை வெச்சு வாதாடுற நிலைமை வர வேண்டாம்.

பெரிய கூட்டம் கூட்டணுமா? வேண்டாம். வக்கீல் ஆபீசுல ரகசியமா நடக்கிற சுயமரியாதைத் திருமணம் செல்லாதுன்னு 2014-ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்டுல உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்குல அதை மாத்திடுச்சு. ஊரறியச் செய்யணும்னு 7-ஏ சொல்லவே இல்ல, வக்கீலும் நண்பர்ங்கிற முறையில சாட்சியா இருக்கலாம்னு தீர்ப்பு. வீட்டுக்குப் பயந்து கல்யாணம் பண்றவங்களுக்கு ஊரறியச் சொல்லுங்கன்னா அது எங்கே கொண்டு போய் விடும்னு அந்தத் தீர்ப்பு பேசுது. விருத்தாசலத்துக்காரங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்ல. அதுக்கு அப்புறம் வர்றேன்.

இங்கே பலபேர் குழம்புற ஒரு விஷயம். "ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, அதனால கல்யாணம் ஆயிடுச்சு"ன்னு நினைக்கிறாங்க. இந்து திருமணச் சட்டத்துல அப்படி இல்ல. முதல்ல கல்யாணம் நடக்கணும், அப்புறம்தான் பதிவு. எந்தச் சடங்கும் நடக்காம சர்டிபிகேட் மட்டும் வாங்கின ஒரு தம்பதிக்கு 2024-ல உச்ச நீதிமன்றம், அது கல்யாணமே இல்லைன்னு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல அந்தச் சடங்கு ஒரு மாலை, ஒரு வாக்கியம் அளவுக்குச் சின்னது. ஆனா நடந்திருக்கணும், பார்த்தவங்க இருக்கணும், போட்டோ இருந்தா நல்லது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-படி எந்த மதமா இருந்தாலும் 90 நாளுக்குள்ள சார் பதிவாளர் ஆபீசுல பதிவு பண்ணணும். விட்டுட்டா கூடுதல் கட்டணத்தோட இன்னும் 60 நாள் தருவாங்க.

சரி, ரெண்டு பேரும் வேற வேற மதம்னா? அப்போ 7-ஏ உதவாது. அந்தச் சட்டத்துக்கு ரெண்டு பேரும் இந்துவா இருக்கணும் (பௌத்தர், சமணர், சீக்கியரும் அதுல அடக்கம்). மண்டபத்துல ஐந்நூறு பேர் முன்னாடி தாலி கட்டினாலும் சட்டத்தோட கணக்குல ஒண்ணும் நடக்கல. 1954-ம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போகணும். ஒரே மதத்துக்காரங்களும் விரும்பினா இதுல பண்ணிக்கலாம்.

இதுல நாள் கணக்கு முக்கியம். உங்கள்ல ஒருத்தராவது அந்த எல்லைக்குள்ள குறைஞ்சது 30 நாள் தங்கியிருக்கணும். அதுக்கப்புறம் திருமண அலுவலர்கிட்ட எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும். அதை அவங்க ஆபீசுல ஒட்டி வெப்பாங்க. 30 நாள் யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு பார்ப்பாங்க. நோட்டீஸ் கொடுத்த நாள்லேருந்து மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் முடியலேன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஜூன் 2-ல நோட்டீஸ் கொடுத்தா, ஜூலை முதல் வாரத்துலேருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உங்க ஜன்னல். பாதி நாள் ஆடி மாசம். மண்டபம் காலியாத்தான் இருக்கும், பேரம் பேசிக்கோங்க.

கல்யாண நாள்ல நீங்களும் மூணு சாட்சிகளும் அலுவலர் முன்னாடி உறுதிமொழிப் படிவத்துல கையெழுத்துப் போடணும். கல்யாணத்தை எந்த வடிவத்துலயும் நடத்தலாம்னு சட்டமே சொல்லுது. ஆனா ஒரு வாக்கியம் கட்டாயம். "இன்னாராகிய நான், இன்னாராகிய உன்னைச் சட்டப்படியான கணவனாக, மனைவியாக ஏற்கிறேன்"னு ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லணும். அலுவலரும் மூணு சாட்சிகளும் அதைக் கேட்டிருக்கணும். தமிழ்லயே சொல்லலாம். அலுவலர் நியாயமான தூரத்துல இருக்கிற வேற இடத்துக்கு வந்தும் நடத்தி வைக்கலாம், அதுக்குத் தனிக் கட்டணம் உண்டு. மண்டபத்துக்கே வரச் சொல்றதா இருந்தா, பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆபீசுல பேசி நேரத்தை உறுதி பண்ணிக்கோங்க. காலையில ஆபீசுல கையெழுத்து, சாயங்காலம் மண்டபத்துல உறுதிமொழி, விருந்துன்னு பிரிச்சுக்கிறது சிக்கல் இல்லாத வழி. சர்டிபிகேட்டுல இருக்கிற தேதிதான் சட்டப்படி உங்க கல்யாண நாள்.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கை. மாமன் மகள், அத்தை மகன் உறவுல கட்டிக்கிறவங்க சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி வக்கீலைப் பாருங்க. அதோட தடை செய்யப்பட்ட உறவுப் பட்டியல்ல இந்த முறைப்பொண்ணு, முறைமாப்பிள்ளையும் வர்றாங்க. ரெண்டு பேரும் இந்துன்னா, வழக்கத்தை ஏத்துக்கிற இந்து திருமணச் சட்டம்தான் அவங்களுக்குச் சுலபம்.

இப்போ அந்த நோட்டீசுக்கு வர்றேன். எழுத்துல மனு கொடுக்கிறது விருத்தாசலத்துக்காரங்களுக்குப் புதுசு இல்ல. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டி, காரியம் முடிஞ்சதும் ராஜினாமா கொடுக்கிற ஊர். ஆனா பிராது உங்களுக்கும் சாமிக்கும் நடுவுல. இந்த நோட்டீஸை யார் வேணும்னாலும் படிக்கலாம். பெரும்பாலும் முதல்ல படிக்கிறது யார் படிக்கக் கூடாதோ அவங்கதான். ஆட்சேபத்துக்குச் சட்டம் ஒத்துக்கிற காரணம் நாலே நாலு: ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோட இருக்கிறது, சம்மதம் சொல்ற மனநிலை இல்லாதது, வயசு (ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18), தடை செய்யப்பட்ட உறவு. "அப்பா சம்மதிக்கல", "வேற சாதி" இதெல்லாம் ஆட்சேபமே இல்ல. ஆனா ஆட்சேபம் சொல்ல வர்றவங்க எல்லாரும் ஆபீசுக்குத்தான் வருவாங்கன்னு இல்லையே. 2021-ல அலகாபாத் உயர் நீதிமன்றம், தம்பதி கேட்டா மட்டும் நோட்டீஸை வெளியிட்டாப் போதும்னு சொல்லுச்சு. அந்தத் தீர்ப்பு நம்ம மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது.

விருத்தாசலம் பக்கத்துல புதுக்கூரைப்பேட்டை. கண்ணகி, முருகேசன். வேற வேற சாதி, ரெண்டு பேரும் படிச்சவங்க. 2003 மே 5-ல கடலூர் பதிவாளர் ஆபீசுல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. வெளியில சொல்லாம அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பிட்டாங்க. ஜூலை 8-ம் தேதி ரெண்டு பேரையும் விஷம் கொடுத்துக் கொன்னுட்டாங்க. வழக்கை சிபிஐ எடுத்து, 2021 செப்டம்பர்ல கடலூர் நீதிமன்றம் பெண்ணோட உறவினர்களோட சேர்த்து ரெண்டு போலீஸ்காரங்களுக்கும் தண்டனை கொடுத்துச்சு. 2025 ஏப்ரல் 28-ல உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது. இருபத்திரெண்டு வருஷம். சட்டம் கேட்ட எல்லாத்தையும் அவங்க செஞ்சிருந்தாங்க. கல்யாணத்துல ஒரு குறையும் இல்ல. அந்தப் பேப்பர் ஒரு அலமாரிக்குள்ள இருந்துச்சு, அவ்வளவுதான்.

அதனால எதிர்ப்பு இருக்கிற வீடுன்னா, மேடை அலங்காரத்துக்கு முன்னாடி திட்டம் போட வேண்டியது இது. ரெண்டு பேரும் இந்துன்னா 7-ஏ, அதுல நோட்டீஸ் இல்ல, காத்திருப்பு இல்ல. வேற மதம்னா, நோட்டீஸ் கொடுக்கிற அன்னைக்கே மாவட்ட எஸ்.பி.க்குப் பாதுகாப்பு கேட்டு எழுத்துல மனு கொடுங்க, கொடுத்ததுக்கு ரசீது வாங்குங்க. வயசு வந்த ரெண்டு பேர் கல்யாணத்துல தலையிட யாருக்கும் உரிமை இல்லைன்னு 2018 மார்ச்ல உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்குல சொல்லிடுச்சு. மாவட்டந்தோறும் தனிப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம்னு அந்தத் தீர்ப்புலயே உத்தரவு இருக்கு. மனுவுல அந்தப் பேரைக் குறிப்பிடுங்க. அந்த 30 நாளும் ஆளுக்கொரு வீட்டுல தனியா இருக்காதீங்க. கல்யாணம் முடிஞ்ச கையோட "கொஞ்ச நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்"னு பிரிஞ்சு போகாதீங்க. இது என்னோட கருத்து, சட்டம் இல்ல.

சர்டிபிகேட்டோட சான்றிட்ட நகல் மூணாவது வாங்குங்க. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு வக்கீல்கிட்ட, ஒண்ணு வெளியூர்ல இருக்கிற நண்பர்கிட்ட. அடுத்த எபிசோடுல சிறப்புத் திருமணச் சட்டத்துல கட்டிக்கிட்டா கூட்டுக் குடும்பச் சொத்துல பங்கு என்ன ஆகும்னு பேசலாம். கேள்விகளை அனுப்பிக்கிட்டே இருங்க.